கருவி கையில், மொழி நாவில்

பெற்றோருக்கும் மொழி கற்பிக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்



உங்கள் வீட்டில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், அது செபமாலை சொல்ல எப்படிப் பழகியது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். யாரும் அதற்குக் கொப்பி கொடுக்கவில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டவும் இல்லை. மாலையானதும் ஒருவர் முற்பகுதியைச் சொல்ல, மற்றவர்கள் பிற்பகுதியைச் சொன்னார்கள். பிள்ளை தாயின் மடியிலிருந்து முதலில் வெறுமனே கேட்டது. பின்னர் கடைசிச் சொல்லை மட்டும் கூடச் சேர்ந்து சொன்னது. சில மாதங்கள் சென்றதும், "இண்டைக்கு நான் தொடங்கப் போறன்" என்று தானாகவே முன்வந்தது.

ஒரு மொழியைக் கற்கும் வழி முழுவதும் இந்த மாலைக் காட்சியில் அடங்கியிருக்கிறது. முதலில் கேட்டல், பின்பு தன் முறை வரும்போது சொல்லல், பிழைத்தாலும் பிறர் குரலோடு சேர்ந்து தொடர்ந்து செல்லல், நாள்தோறும் சிறிது நேரம் செய்தல். இந்நான்கும் இருந்தால் மொழி நாவில் ஏறும்.

அதே பிள்ளை பாடசாலைக்குப் போகிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடம். ஆறாம் வகுப்பிலிருந்து சிங்களம் இரண்டாம் தேசிய மொழி. சாதாரண தரப் பரீட்சை எழுதும்போது அப்பிள்ளை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் படித்து முடித்திருக்கும். ஆயினும் அந்நியர் ஒருவர் வந்து ஆங்கிலத்தில் பெயரையும் ஊரையும் கேட்டால், தலை குனிந்து நிலத்தைக் காலால் கீறுகின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! அறிவு குறைந்த பிள்ளைகளா இவர்கள்? இல்லவே இல்லை. ஒன்பது ஆண்டுகளிலும் வாய் திறப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். அந்த நேரத்தை எவ்வாறு பெருக்கலாம், இன்று எல்லார் கையிலும் இருக்கும் கைத்தொலைபேசி அதற்கு எவ்வாறு உதவும் என்பதே இவ்வாரப் பாடமாகும்.

முரசுமோட்டையில் ஒரு வீடு

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 வீதியில், கண்டாவளைப் பிரதேசத்தில் இருக்கிறது முரசுமோட்டை. இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் மக்களின் ஊர். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யுத்தம் இவ்வழியே கடந்து சென்றபோது, மக்கள் உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். திரும்பி வந்தவர்கள் வீட்டையும் வயலையும் பாடசாலையையும் மறுபடி தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

இவ்வூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தகப்பன் வயலுக்குப் போகிறார். தாய் தையல் வேலை செய்கிறாள். எட்டாம் வகுப்பில் ஒரு மகள், ஐந்தாம் வகுப்பில் ஒரு மகன். வீட்டில் உள்ளது ஒரே ஒரு போன். பகலில் அது தகப்பனோடு வயலுக்குப் போய்விடும். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இத்தகைய வீடுகளுக்கு என்ன நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் பாடங்கள் ஒளிபரப்பாயின. போன் இல்லாத பிள்ளையும், டேற்றா போட வழியில்லாத பிள்ளையும் பின்தங்கின.

இன்னொன்றும் நடந்தது; அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. போன் இருந்த பிள்ளைகளுக்குங்கூட, பல இடங்களில் மொழிப்பாடம் என்று வந்தது கொப்பிப் பக்கத்தின் படம். பிள்ளை அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தன் கொப்பியில் எழுதி, படம் எடுத்து, திருப்பி அனுப்பியது. ஆசிரியர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எவரும் எதிர்பாராத நாட்கள் அவை. ஆனால் குரலைக் கொண்டுசெல்வதற்கென்றே பிறந்த ஒரு கருவியினால் பாடம் வந்தும், பிள்ளை ஒரு சொல்லைக்கூட உரத்துச் சொல்லவில்லை. புதிய கருவி பழைய கரும்பலகையின் வேலையைத்தான் செய்தது.

நாற்பது நிமிடக் கணக்கு

இப்போது ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஆசிரியர் விளக்குவதற்கும் பிள்ளைகள் எழுதுவதற்கும் இருபத்தைந்து நிமிடம் போய்விடுகிறது. எஞ்சிய பதினைந்து நிமிடத்தில் ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டால், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரை நிமிடம். உண்மையில் அதுவும் கிடைப்பதில்லை. முன்வரிசையில் கை உயர்த்தும் நான்கு பேரே பேசுவார்கள். பின்வரிசை மௌனமாகவே இருக்கும்.

அதே பதினைந்து நிமிடத்தில் பிள்ளைகளை இருவர் இருவராகத் திருப்பி அமர்த்தி, ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும்படி செய்தால் என்ன ஆகும்? ஒரே நேரத்தில் பதினைந்து பிள்ளைகள் பேசுகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழு நிமிடத்துக்கு மேல் கிடைக்கிறது. ஒரு சதம் செலவில்லை, மின்சாரம் வேண்டியதில்லை. இப்படி எல்லாப் பிள்ளைகளையும் பங்குகொள்ளச் செய்யும் வகுப்பையே "ஊடாட்ட வகுப்பு" என்று கல்வியாளர் கூறுவர். சொல் புதிது, செபமாலை சொல்லும் வீட்டுக்குப் பொருள் பழையது.

ஆகவே எந்தக் கருவியையும் நாம் ஒரே கேள்வியால் அளக்கலாம். இதனால் பிள்ளையின் வாய் திறக்கும் நேரம் கூடுகிறதா, குறைகிறதா? கூடுமாயின் அது நல்ல கருவி. குறையுமாயின், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், மொழி வகுப்புக்கு அதனால் பயனில்லை.

உலகம் கண்ட அனுபவம்

இதை நன்கு உணர்ந்து நடந்த இரண்டு முயற்சிகளைச் சொல்லலாம். 1980களின் முற்பகுதியில் கென்யா நாட்டுக் கிராமப் பாடசாலைகளில், கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வானொலி வழியாக ஆங்கிலம் கற்பித்தார்கள். வானொலி என்றால் ஒருவர் பேச மற்றவர் கேட்டிருப்பதுதானே என்பீர்கள். அந்தப் பாடங்களை ஆக்கியவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். வானொலிக் குரல் ஒரு கேள்வி கேட்கும். உடனே சிறிது நேரம் நின்றுவிடும். அந்த இடைவெளியில் வகுப்பு முழுவதும் பதில் சொல்லும். பின்னர் வானொலி சரியான விடையைச் சொல்லும். எழும்பு, கதவைத் தொடு, உன் நண்பனிடம் கேள் என்று கட்டளையிடும். பிள்ளைகள் அப்படியே செய்வார்கள். பேசத் தெரிந்த கருவிக்கு மௌனமாக இருக்கவும் கற்பித்ததே அம்முயற்சியின் சிறப்பு.

மற்றது வங்காளதேசத்தில் நடந்தது. 2009 நவம்பரில் பிபிசி நிறுவனம் அங்கே "ஜனாலா" என்னும் சேவையைத் தொடங்கிற்று. ஜனாலா என்றால் வங்காள மொழியில் யன்னல். சாதாரண போனில் ஓர் இலக்கத்தை அழுத்தினால், மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒன்றை மலிவான கட்டணத்தில் கேட்கலாம். அச்சேவை இடம்பெற்ற அதே திட்டத்தின் மற்றொரு பிரிவின் கீழ், கிராமத்து ஆசிரியர்களுக்குப் பாடங்கள் பதிந்த நினைவட்டையுடன் போனும், மின்னேற்றி வைத்துப் பாவிக்கக்கூடிய சிறிய ஒலிபெருக்கியும் வழங்கப்பட்டன. இணையம் வேண்டியதில்லை. ஆசிரியர் அதை மேசையில் வைத்து ஓர் உரையாடலைக் கேட்கச் செய்வார். பிள்ளைகள் சோடியாகத் திரும்பி அதையே நடித்துப் பேசுவார்கள். வன்னிக் கிராமம் ஒன்றுக்கு இதிலே எட்டாதது எதுவும் இல்லை.

வகுப்பறைக்கு ஐந்து வழிகள்

மாணவர் போனைப் பாடசாலைக்குக் கொண்டுவருவது பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை, அது நல்லதே. ஆசிரியரின் ஒரே ஒரு போன் போதுமானது. அதுவும் இல்லாத நாளில் செய்யக்கூடியவற்றையும் சேர்த்தே கீழே தருகிறோம்.

முதலாவது, குரலைப் பதிந்து கேட்டல். ஆசிரியர் நான்கு வசனங்களைத் தெளிவாக வாசித்துப் பதிந்து, வகுப்புக்குப் போட்டுக் காட்டுவார். பின்னர் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு, யன்னலோரம் சென்று தம் குரலைப் பதிந்து கேட்கும். திருத்தி மறுபடி பதியும். மற்றக் குழுக்கள் அவ்வேளை வேறு பயிற்சி செய்யும். தன் குரலைத் தானே கேட்கும் பிள்ளை, ஆசிரியர் பத்துமுறை சொல்லியும் பிடிபடாத பிழையைத் தானாகவே கண்டுபிடிக்கும். ஓர் உதாரணம் பாருங்கள். "பந்து" என்பதிலுள்ள பகரமும் "தம்பி" என்பதிலுள்ள பகரமும் ஒரே ஒலியா? சொல்லிப் பாருங்கள், வேறு வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்திலோ கரடிக்கும் பெயார்ஸ் பழத்துக்கும் உள்ள ஒலி வேறுபாடு இதுவேதான். "தம்பியில் இருக்கும் ஒலியை எடுத்துச் சொல்லின் முதலில் வை" என்று சொன்னால், பிள்ளைக்கு விளங்கிவிடும். தனக்குத் தெரியாத ஒலி என்று பயந்தது தன் வாயிலேயே இருந்ததைக் கண்டு மகிழும்.

இரண்டாவது, இடைவெளி விளையாட்டு. பரந்தனிலிருந்து புறப்படும் பஸ்களின் பட்டியல் ஒன்றை ஆசிரியர் தாமே எழுதி, இரண்டு தாள்களாக்குவார். ஒரு தாளில் நேரம் மட்டும், மற்றதில் கட்டணம் மட்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக்கூடாது. கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். விடை தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி வெறும் பாவனை. தெரியாததைக் கேட்பதே உண்மையான பேச்சு. இவ்விளையாட்டில் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய தேவை உண்டாகிறது.

மூன்றாவது, சொல்வதைச் செய்தல். இதை 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் ஒரு முறையாக வகுத்தார். நில், நட, புத்தகத்தைத் திற, யன்னலை மூடு என்று ஆசிரியர் புதிய மொழியில் சொல்ல, பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். பேசக் கூச்சமுள்ள பிள்ளை முதலில் உடலால் பதில் சொல்லும். சில நாட்களில் தானே கட்டளையிட விரும்பும். யுத்தத்தாலோ வீட்டுத் துன்பத்தாலோ ஒடுங்கிப் போன பிள்ளைகளின் பிள்ளைகள் பலர் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்திப் பேச வைக்காமல், அழைத்துப் பேச வைக்கும் வழி இது.

நான்காவது, ஊர்ப் படம். ஆசிரியர் வரும் வழியில் வாய்க்கால், சூடடிப்பு, கடை வாசல், மழைக்குப் பின் வீதி என்று நாலைந்து படங்களைப் போனில் பிடித்து வருவார். குழுவுக்கு ஒரு படம். மூன்று வசனம் பேச வேண்டும். பாடநூலில் உள்ள அந்நிய ஊர்ப் படத்தைப் பற்றிப் பேசாத பிள்ளை, தன் மாமாவின் உழவு இயந்திரத்தைப் பற்றிப் பேசாமல் இராது.

ஐந்தாவது, ஓடிச் சொல்வதெழுதல். வகுப்புக்கு வெளியே சுவரில் ஐந்து வசனங்கள் ஒட்டப்பட்டிருக்கும். சோடியில் ஒருவர் போய் வாசித்து, மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். வாசிப்பு, நினைவு, பேச்சு, கேட்டல், எழுத்து ஐந்தும் ஒரே பயிற்சியில் வந்துவிடும். இதற்குத் தேவையானது ஒரு தாளும் ஒட்டுப்பசையும் மட்டுமே.

இவ்வகுப்பில் சத்தம் இருக்கும். அதிபர்களும் அயல் வகுப்பு ஆசிரியர்களும் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச்சுச் சத்தத்துக்கும் குழப்பச் சத்தத்துக்கும் வேறுபாடு உண்டு. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது பிழையை இடைமறித்துத் திருத்தவும் வேண்டாம். பேச விட்டு, முடிந்த பின், யார் சொன்னதென்று கூறாமல், பொதுவான இரண்டு பிழைகளைப் பலகையில் எழுதித் திருத்தினால் போதும். மற்றவர் சிரிப்புக்கு ஒருமுறை ஆளான பிள்ளை பின்பு வாய் திறக்க நெடுநாள் செல்லும்.

சிங்களம் எமக்கு எதற்கு?

இக்கேள்வி வன்னியிலே பல வீடுகளில் எழுகிறது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தையும் அதன் பின் வந்தவற்றையும் அனுபவித்த மக்கள் கேட்கும் கேள்வி இது. இதை ஏளனம் செய்வது முறையன்று. 1987 நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. தமிழில் கடிதமும் பதிலும் பெறுவது எமது உரிமை. பிள்ளை சிங்களம் கற்பதால் அவ்வுரிமை குறைந்துவிடாது. உரிமையைக் கேட்பதற்கும், தூர இடத்து ஆஸ்பத்திரியில் தாயின் வருத்தத்தை எடுத்துச் சொல்வதற்கும், மற்ற மொழி தெரிந்த பிள்ளையே வீட்டுக்குத் துணை.

அதோடு, தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம் ஆங்கிலத்தைவிட ஒரு வகையில் இலகு. "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்பதைச் சிங்களத்தில் "மம பத் கனவா" என்பார்கள். நான், சோறு, சாப்பிடுகிறேன் என்று சொற்கள் எம்முடைய ஒழுங்கிலேயே நிற்கின்றன. வினைச்சொல் கடைசியில் வருகிறது. பேச்சு வழக்கில் நான், நீ, நாங்கள் என்று எழுவாய் மாறினாலும் அந்த வினை மாறாமலே நிற்கும். "பத்" என்பதில் வரும் பகரம் மட்டும், நாம் முன்பு சொன்ன தம்பியின் பகரம். இதை எடுத்துக்காட்டி, இருவர் இருவராகப் பேசச் செய்து, பேசிய பின் எழுத்தைக் கற்பித்தால், பாதி அச்சம் நீங்கிவிடும்.

வீட்டிலே செய்யக்கூடியது

"எமக்கு ஆங்கிலம் தெரியாதே, நாங்கள் எப்படி உதவுவது?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. தெரியாமல் இருப்பதே ஒரு வசதி. மாலையில் போன் வீட்டுக்கு வந்ததும் கால் மணி நேரம் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். அன்று வகுப்பில் பேசியதைப் பிள்ளை பதியட்டும். குரல் பதிவதற்கும் படம் எடுப்பதற்கும் டேற்றா செலவாவதில்லை. பதிந்ததை நீங்கள் கேளுங்கள், "இதற்கு என்ன பொருள்?" என்று கேளுங்கள். நாளுக்கு மூன்று சொல் தாய்க்குக் கற்பிப்பது மகளின் கடமை என்று வையுங்கள். பிறருக்குக் கற்பிக்கும் பிள்ளை இருமுறை கற்கிறது. கல்வி அமைச்சின் "ஈ-தக்சலாவ" இணையத்தளத்தில் பாடநூல்களும் பாடங்களும் உண்டு. டேற்றா உள்ள ஒருவர் இறக்கி வைத்தால், நினைவட்டையிலோ புளூடூத் வழியாகவோ அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் பேஸ்புக்கில் போடாதீர்கள். அவை வகுப்புக்கும் வீட்டுக்கும் உரியவை. மொழிபெயர்க்கும் செயலியிலும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிலும் வீட்டுவேலையைச் செய்துவிட்டுக் கொப்பியில் எழுதும் பழக்கத்தைத் தடுங்கள். பிள்ளை முதலில் தானே எழுதட்டும். பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்றாவதாக, அழுகின்ற பிள்ளையை அடக்குவதற்கு நாமே போனைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, பின்னர் போன் பிள்ளையைக் கெடுத்தது என்று சொல்வது நியாயமில்லை.

ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், பன்மொழி அறிஞரென உலகம் போற்றியவர். அவரே தமிழை ஆழ்ந்து கற்கத் தொடங்கியது, குருவான பின், திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியராய் இருந்த காலத்தில்தான். ஆகவே எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால், "இனி இதற்கு மொழி வராது" என்று எவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

இவ்வாரப் பயிற்சி

இவ்வாரத்தில் ஒரு நாள், இரவுச் சாப்பாட்டுக்கு முன், வீட்டில் எல்லாரும் வட்டமாக இருங்கள். ஒவ்வொருவரும் தம் பெயர், ஊர், செய்யும் வேலை மூன்றையும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ சொல்லட்டும். தகப்பனும் சொல்ல வேண்டும். பிழைவிடலாம், கேலி மட்டும் கூடாது. அதைப் பதிந்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பதிந்து, இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்களே, உங்கள் அடுத்த பாடத்தில் ஒரு பிள்ளையிடம் மணிக்கூட்டைக் கொடுத்து, நீங்கள் பேசிய நிமிடங்களையும் பிள்ளைகள் பேசிய நிமிடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். பின்வரிசையில் அன்று வாய் திறக்காதவர் யார் என்பதையும் பாருங்கள். மறுநாள் பாடம் அந்தப் பிள்ளையிலிருந்து தொடங்கட்டும்.